கிரேஸ் போடும் பிடியரிசி

கிரேஸ் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் குடித்துத் தீர்த்த டீக்கு ஓர் எருமையே கட்டி வளர்த்திருக்கலாம். ஆறுதல் என்று ஒரு சொட்டாவது வைத்துவிட்டுப் போனார்களா? அதுதான் இல்லை.

கிரேஸ் எங்கள் தெருக்காரி. பட்டுச் சேலை முந்தானையில் தொங்கும் நூலை முடிந்து குச்சம் கட்டுவது அவள் தொழில். புருஷன் மணிவண்ணன் பெயிண்டர். கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை காய்ச்சல் என்றுகூடப் படுக்காதவன்.

உடனே கிளம்பி வந்தார்கள் ஞானிகள். வாலாஜாபாத்திலிருந்து வந்த நாத்தனார் ஜீவிதா, "ஏதோ மறைஞ்ச பாவம் இருக்குது அண்ணி, அறிக்கை பண்ணிடுங்க" என்றாள். பாவத்தைத் தேட வந்தவள் முறுக்கு டப்பாவை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தாள். எங்கள் சபை மூப்பர் காசிநாதன், "பைபிள்ல யோபு உடம்பெல்லாம் புண்ணாகி எல்லாத்தையும் இழந்தாரு, அப்புறம் எல்லாம் ரெண்டு மடங்கா திரும்பி வந்துச்சும்மா" என்றார். யோபுவின் புண்ணைக் கழுவித் துடைத்தது யார் என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்றார்.

எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்போம். மாதக் கடைசி ஞாயிறு அதை சர்ச்சில் கொட்டுவோம். இல்லாதவர்களுக்குப் போகும். அந்த அரிசி கிரேஸ் வீட்டுக்கே வர ஆரம்பித்த பிறகும் அவள் பிடி போடுவதை விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டி, உன் பானையே காத்து வாங்குது. அங்கேர்ந்து வந்த அரிசியவே அங்க அனுப்பறியா?"

"எல்லாரும் எனக்குக் குடுத்துக்கினே இருக்காங்க ஆயா. வாங்கி வாங்கி கை கூசுது. இந்த ஒரு பிடி போடறப்ப மட்டும், நீயும் என் வூட்டுப் பொண்ணுதான்னு கர்த்தர் சொல்றாப்ல இருக்குது. அதுக்கப்புறம்தான் எனக்கு அடுத்த வேலை ஓடுது."

நான் பிடியரிசிப் பானையை அவள் கைக்கு எட்ட நகர்த்தி வைத்தேன்.

பிறகு வந்தார் சுகமளிக்கும் ஊழியர் விமல்ராஜ். செண்ட் வாசனை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். ஜெபம் செய்தார், கத்தினார். கூட வந்த இரண்டு தடியர்கள் மணிவண்ணனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கால் இரண்டும் துணி மாதிரி தரையில் இழுபட்டன. "நடக்கிறார்!" என்று போனில் படம் எடுத்தார்கள். கையை விட்டதும் அவன் கட்டிலில் சரிந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நீ சாட்சி சொல்லணும்மா. என் புருஷன் நடந்தாருன்னு சொல்லு. விசுவாசத்துல சொல்லு, நடந்துரும்" என்றார் காசிநாதன். மறுத்தால் சபையில் முகம் கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருப்பதே அந்த ஒரு நிழல்தான். அதுவும் போனால் எங்கே போய் அழுவாள்?

மாதக் கடைசி ஞாயிறு அது. கிரேஸ் பானையோடு முன்னால் போனாள். அரிசியைக் கொட்டிவிட்டு மைக்கை வாங்கினாள்.

"என் வூட்டுக்காரர் நடக்கல. ரெண்டு பேர் தூக்கினாங்க, வுட்டதும் வுழுந்துட்டாரு. நடந்தாருன்னு சொன்னா அது பொய். கர்த்தர் பேர்ல பொய் சொல்ல மாட்டேன். அவர் எங்க கூட இருக்காரு. அதுக்குத்தான் சாட்சி."

விமல்ராஜ் "அல்லேலூயா" என்று ஆரம்பித்து நடுவிலேயே விட்டுவிட்டார். காசிநாதனுக்கு இருமல் வந்தது. நான் எழுந்து என் பானையை அவள் அரிசிமேல் கொட்டினேன். எனக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாய் வந்தார்கள். முகம் கொடுக்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும், டீத்தூள் மிச்சம்.

நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். மணிவண்ணன் கேட்டான்: "இன்னா சொன்ன?"

"நீங்க நடக்கலன்னு சொன்னேன்."

அவன் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்பாடா! இனிமே வர்றவங்க முன்னாடி கால ஆட்டிப் பாக்க வேணாம். கையி நல்லாத்தான கீது, உலைக்கு எடுக்கற அரிசிய இப்டி குடு, இன்னிக்குப் பிடி நான் போடறேன்."

கிரேஸ் அரிசி முறத்தை நீட்டினாள். அவன் அள்ளியதைப் பார்த்து, "ஐயோ, உங்க கை பெருசுங்க, ராத்திரிக்கு இன்னா பண்றது?" என்றாள்.

"போடட்டும் வுடுடி" என்றேன். "பெரிய கைன்னா கர்த்தர் வேணான்னா சொல்லப் போறாரு?"