வாசலில் ஒரு செம்புத் தகடு

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஆவணி மாதம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு ஆறு வி.ஆர். கண்ணாடிகளோடு போயிருந்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டால் பாடம் நம்மைச் சுற்றியே நடக்கும். பள்ளி பள்ளியாகப் போய் அறிவியலும் கணக்கும் அப்படிச் சொல்லித்தருவது என் வேலை. தனியாக நான் எடுத்த முதல் வகுப்பு அது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

"கடைசியில நான் ஒரு கேள்வி கேப்பேன். பிள்ளைக பதில் சொன்னாத்தான் இந்த வகுப்பு வருசம் பூரா நடக்கும்" என்று தலைமையாசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்றால் என் வேலையும் நிரந்தரமாகாது.

எட்டாம் வகுப்பு, மின்னல் பாடம். மேகத்துக்குள் நின்றபடி மின்னூட்டம் சேர்வதையும் இடி இறங்குவதையும் பார்க்கலாம். ஒரு மாணவி மட்டும் கண்ணாடியை வாங்க மறுத்தாள்.

"சத்தம் வேண்டாம் மிஸ். போன வருசம் கம்பெனி வெடிச்சப்பக் கேட்டதே போதும்."

சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. "இம்புட்டுப் பயந்தா எப்படிம்மா சயின்ஸ் படிப்ப?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மற்றவர்கள் துள்ளினார்கள். "ஏலே, என் மண்டையிலயே விழுந்துருச்சு!" என்று ஒருவன் கத்தினான்.

தலைமையாசிரியை வந்து கேட்டார்: "இடிதாங்கிக் கம்பிய எதுக்கு மண்ணுக்குள்ள புதைக்காக?"

மின்னலைப் பார்த்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கடைசி பெஞ்சில் அவள் எழுந்தாள்.

"எங்கம்மா மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவாக மிஸ். உடம்புல சேந்த கரண்டு அது வழியா மண்ணுக்குள்ள போயிரும். தொடாமப் போனா ஒரு பொறி போதும், ரூமே போயிரும். இடிதாங்கியும் அதே மாதிரிதான மிஸ்?"

"வருசம் பூரா நடக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை.

நான் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சத்தத்தை நிறுத்திக் கொடுத்ததும் மாட்டிக்கொண்டாள். மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய அம்மாவிடம் செம்புத் தகட்டைப் பற்றிக் கேட்டேன்.

"தெனமுந்தான் தொடுதேன். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? அம்புட்டுப் படிச்சவளுக்கு இது தெரியாதாக்கும்னு இருந்துட்டேன்."

சேர்ந்த மின்னூட்டம் வெளியேறும் மின்னிறக்கம் பற்றிக் கல்லூரித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அம்மா அந்தப் பாடத்தைத் தினமும் கையால் தொட்டுவிட்டுத்தான் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார். இப்போதும் எந்தப் பள்ளிக்குப் போனாலும், கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும் முன், "உங்க வீட்டுல என்ன வேலை பாக்காக?" என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான், ஆனால் அறிவியல் என்னோடு அந்த வீட்டுக்குள் வரவில்லை; எனக்கு முன்பே அங்கே இருந்தது.