மண்ணெண்ணெயில் கழுவிய பில்டர்

கார் நின்றது பண்ணைப் பாலத்தின் நடுவில். இருபுறமும் கடல். பின் இருக்கையில் என் மகள் மூச்செடுக்க முடியாமல் குனிந்திருந்தாள். அதற்குக் காரணம் நான்தான்.

இரண்டு வாரங்களுக்கு முன், எஞ்சின் ஒயில் மாற்றுவதற்காக யாழ்ப்பாணத்தில் ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மூன்று ஒயில் பில்டர்களை எடுத்து வைத்தார்.

“இது ஒறிஜினல், ஐயாயிரம். இது வேறை கொம்பனி, ரெண்டாயிரம், பிழையில்லை. இது எண்ணூறு. இதை நான் என்ரை காருக்குப் போடமாட்டன்.”

“பழசைக் கழுவிப் பூட்டினால் என்ன?”

அவர் சிரித்தார். “அண்ணை இன்னும் பொருளாதாரத் தடைக்குள்ளைதான் நிக்கிறியள் போலை.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய்யில்லை. போர்க்காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் எங்கள் பக்கம் வரவிடாமல் அரசு தடுத்திருந்தபோது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பில்டரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டுவோம். அப்படி ஓடிய வாகனங்களைக் கண்டவனுக்கு, ஒரு தகரப் பேணிக்கு ஐயாயிரம் என்பது கொள்ளையாகப் பட்டது. ஒயிலை மட்டும் வாங்கிக்கொண்டு, பாலத்துக்கு அப்பால் தீவிலிருக்கும் கரம்பொன்னுக்கு, வீட்டுக்குத் திரும்பினேன். பில்டரை நானே கழுவி நானே பூட்டினேன். அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மகளுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. கார் நின்ற அன்று காலை அது மருந்துக்கும் அடங்கவில்லை. அவளுக்கு வைத்தியம் நடப்பது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் என்பதால் நேரே அங்கு புறப்பட்டேன். வழியில் வேலணை தாண்டியதும் ஒயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. நிறுத்தவில்லை. பாலத்தில் எஞ்சின் தடதடவென்று அடித்து, இறுகி நின்றது.

பின்னால் வந்த மீன் லொறிக்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். “பிள்ளையை ஏத்துங்கோ. கார் கிடக்கட்டும்.”

ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் முதுகில் கைவைத்தபடி இருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

அவள் பிழைத்துவிட்டாள். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்” என்று தொடங்கிய டொக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எஞ்சினைக் கழற்றிய மெக்கானிக் சொன்னார்: “கழுவினதிலை உள்ளுக்கிருந்த கடதாசி கிழிஞ்சு, ஒயில் போற வழியை அடைச்சுப்போட்டுது. இனி இந்த எஞ்சின் ஏலாது.”

மகளுக்கு இது தெரியாது. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்படுகிறாள். நேற்றும் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“பழைய கார்தானே அப்பா. அது நிண்டதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?”

“ஓம்” என்றேன்.