தண்ணீர் படாத தரை

போன வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டில் புதுத் தரை ஒட்டினார்கள். பார்க்கத் தேக்குப் பலகை, உண்மையில் பிளாஸ்டிக். ஒட்ட வந்த பையன் பெருமையாகச் சொன்னான்: "பக்கெட் பக்கெட்டா ஊத்திக் கழுவுனாலும் ஒண்ணும் ஆகாதுங்கக்கா. வேணும்னா ஒரு சொம்பு ஊத்திப் பாருங்க." எனக்குக் கை வரவில்லை. கஞ்சம் என்று நினைத்திருப்பான். தண்ணீர் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பெயர் புதிதல்ல, கேளுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வளர்ந்த வீட்டின் முன்னறைத் தரை நிஜத் தேக்கு. குன்னூரில் யாரோ பழைய பங்களாவை இடித்தபோது அப்பா பலகைகளை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஆசை அவருடையது, வேலை அம்மாவுடையது. அதுதானே வழக்கம். தினமும் பூந்துடைப்பத்தால் கூட்டி, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்த துணியால் மரத்தின் வரியோடு துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பார். மாதம் ஒருமுறை தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து, அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலால் தேய்ப்பார். அன்றைக்குச் சாம்பார்கூட டர்பன்டைன் வாசம் அடிக்கும்.

விருந்தாளிக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அம்மா அதை வாசலிலேயே கொடுத்து, சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். அப்பாவின் அக்கா, என் அத்தை, இதை மன்னிக்கவே இல்லை. "கூடப்பொறந்தவன் ஊட்டுல எனக்கு வாசல்லதானுங்க தண்ணி" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் காரம் இருக்கும். அப்பாவுக்கும் சலுகை கிடையாது. மழையில் நனைந்து வந்தால் நிலைப்படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காத்து நிற்க வேண்டும். அம்மா பழந்துண்டோடு வருவார்.

"காலத் தொடச்சுப்போட்டு வாங்க."

நான் கல்லூரி முடித்த வருடம் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் பலகைமேல்தான் கிடத்தியிருந்தோம். ஆண்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அத்தை சேலையை இழுத்துச் செருகினார். பின்னால் குடங்களோடு பெண்கள்.

"வேண்டாங்க அத்தை, மரமுங்க. ஊறிப்போயிருமுங்க."

"எழவு உழுந்த ஊட்டக் கழுவாம உடறதா கண்ணு? நவுரு."

அத்தை பழிவாங்கவில்லை. அழுதுகொண்டேதான் ஊற்றினார், செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனாலும் அன்று அவரை வெறுத்தேன். அந்த வெறுப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை. அம்மா ஒரு சொட்டு விழவிடாத தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஓடியது. கொடியில் கிடந்த அம்மாவின் சேலைகளை இழுத்துப் போட்டு ஒற்றினேன். யாரோ என் கையைப் பிடித்து விலக்கிவிட்டார்கள்.

மயானத்திலிருந்து திரும்பிய அப்பா, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, வீட்டில் ஏற்றிவைத்த விளக்கைப் பார்க்க வந்தார். நிலைப்படியில் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றார். எனக்கு மட்டும்தான் விளங்கியது.

"உள்ள வா தம்பி," என்றார் அத்தை. "எல்லாங் கழுவியாச்சு."

ஒரு மாதத்துக்குள் பலகைகள் உப்பி, ஓரங்கள் தூக்கிக்கொண்டன. அப்பா மாற்ற விடவில்லை. இடறி இடறியே அதன்மேல் நடந்தார். அவருக்குப் பிறகு வீடு கைமாறியது. வாங்கியவர்கள் பலகைகளைப் பெயர்த்து வெந்நீர் அடுப்பில் எரித்தார்கள் என்று கேள்வி.

என் புதுத் தரைக்குப் பழந்துண்டு தேவையில்லை. நேற்று மழையில் நனைந்து வந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஈரக் காலோடு உள்ளே போனேன்.