ஐஸ் கம்பெனியில் உறையாத தண்ணீர்

உள்ளங்கையில் வைத்துப் பார்க்காத எதையும் என் அப்பா நம்ப மாட்டார். ஏலக்காய் வியாபாரி வேறு எப்படி இருப்பார்? ஏலத்துக்கு வரும் காயில் ஒரு கை அள்ளி, காதருகே குலுக்கி, ஒன்றை உரித்து வாயில் போட்டுத் தலையாட்டினால் ஆட்டினதுதான். அப்புறம் விலை சரிந்தாலும் பேச்சு மாற மாட்டார். அந்த மனிதருக்கு மகளாகப் பிறந்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் படிக்கக் கிளம்பினேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். வடக்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. மண் உறையும்போது அதிலுள்ள தண்ணீர் மொத்தமும் ஐஸாகிவிடாது. மண்துகளை ஒட்டிய மெல்லிய ஈரம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் தண்ணீராகவே நிற்கும். எந்தக் குளிருக்கு எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு உருவாக்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. இமயமலையில் ரோடு போடுகிறவர்களுக்கு உதவும்.

சித்திரை வெயிலில் தார் உருகும் எங்கள் ஊர் போடியில் இதைச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"ஐஸுக்குள்ள தண்ணியா? சாம்பிள் காட்டு ஆத்தா. காட்டிட்டா நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன். இல்லேன்னா இந்தப் பேச்சை விட்ரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "காட்டுறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படிக் காட்டுவது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

மலைமேல் போடிமெட்டில் எங்கள் ஏலத்தோட்டத்தைப் பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையோரத்துக் களிமண்ணை, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஜீப்பில் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஏலக்காய் லோடோடு அண்ணனே வந்து இறங்கினார். கையில் அழகாக வாய் தைத்த மூன்று துணிப்பைகள். பிரித்தால், விபூதி மாதிரி காய்ந்த மண்.

"ஈரத்தோட வேணும்னு சொன்னேனேண்ணே!"

"சொன்னே தங்கச்சி. வெவரம் தெரியாத புள்ள சொல்லுதுன்னு நெனச்சேன். ஈரமா அனுப்புனா பூசணம் பூத்துப் போகாதா? காய் உலத்துற ஸ்டோர்ல காயோட காயாப் போட்டு வாட்டி எடுத்தேன். சல்லடையில சலிச்சு ரகமும் பிரிச்சிருக்கேன்."

ஈரமாக எதைக் கண்டாலும் காயப்போட்டு, சலித்து, மூட்டை கட்டாவிட்டால் ஏலத்தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் வராது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாவோ முதல் ரகத்தில் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "வாசம் நல்லா ஏறியிருக்கு" என்றார்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு மறுநாள் ஐஸ் கம்பெனிக்குப் போனோம். குச்சி ஐஸ் அச்சுகளை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கி உறைய வைக்கும் இடம். முதலாளி அப்பாவின் சிநேகிதர். பையைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஐஸ் அச்சுல மண்ணா? ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் வாங்கித் திம்பான்?" ஆனாலும் கழித்துப்போட்ட பழைய அச்சு இரண்டைத் தேடிக் கொடுத்தார். ஒன்றில் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். இன்னொன்றில் அதே தண்ணீர் விட்டுப் பிசைந்த மண். இரண்டிலும் ஜோடி ஜோடியாக ஆணி. கரண்ட் ஓடினால் முள் எழும்பும் மீட்டர் ஒன்றை ரேடியோ ரிப்பேர் கடையில் இரவல் வாங்கி வந்திருந்தேன்.

தொட்டியில் இறக்கியதும் இரண்டும் மெல்லக் கல்லாக இறுகின. அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஐஸில் இருந்த ஆணிகளில் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. மண்ணில் வைத்தேன். முள் மெல்ல எழுந்து நின்றது. கரண்டைக் கடத்துவது உள்ளே உறையாமல் நிற்கும் தண்ணீர்தான் என்று விளக்கினேன்.

அப்பா லேசில் விடுவாரா? "மண்ணுக்கே அந்தக் குணம் இருக்கோ என்னமோ. தண்ணிதான்னு எப்பிடிச் சொல்றே?"

 அண்ணனின் துணிப்பையில் மிச்சமிருந்த காய்ந்த மண்ணைக் கொட்டி, அதில் இரண்டு ஆணியைக் குத்தி மீட்டரை வைத்தேன். முள் துளிகூட அசையவில்லை. கேட்டபடி ஈரமாக வந்திருந்தால் அப்பாவின் கேள்விக்கு என்னிடம் பதிலே இருந்திருக்காது. மனசுக்குள் அண்ணனைக் கும்பிட்டேன்.

அப்பா மீட்டரை வாங்கி மூன்றிலும் தானே வைத்துப் பார்த்தார். உறைந்த மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் தலையாட்டினார்.

நான் துள்ளிக் குதித்தேன். முதலாளி எல்லாருக்கும் சேமியா ஐஸ் எடுத்து நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, "என்னப்பா, சந்தோஷம் இல்லையா?" என்றேன்.

"உன்னால காட்ட முடியாதுன்னு நம்பித்தான் ஆத்தா கேட்டேன்" என்றார்.

கடைத்தெரு என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரை விடவில்லை.

சொன்ன சொல் தவறாமல் அவரே டிக்கெட் எடுத்தார். கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தேனியில் சோலி இருக்கிறது, அங்கே இறங்கிக்கொள்கிறேன் என்றார். தேனி வந்தது, போனது. மதுரை வரைக்கும் வந்தார்.