ஏழாவது ஆள்

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பதில் சொன்னதும் "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பார்கள், எனக்குத் தெரியும். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறாள் என்றால்தான் உதட்டைப் பிதுக்குகிறார்கள். மேடையோரத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, மடியில் வசனப் பிரதி, கையில் சின்ன டார்ச். நடிகர் தடுமாறினால் அடுத்த வரியின் முதல் இரண்டு வார்த்தையைக் கொடுப்பாள். அது நடிகர் காதில் மட்டும் விழும், முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. அந்தக் குரலை எங்கே பழகினாளோ! சின்ன வயதில் என்னைத் திட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவளிடம் அதிகமாக வசனம் வாங்கிக்கொள்பவர் அவள் கணவர், அதாவது என் மாமா. பகலில் தையல் மெஷின் ரிப்பேர் கடை, மற்ற நேரத்தில் எங்கள் நாடகக் குழுவின் தலைவர். வசனத்தை எழுதுவதும் அவர்தான், மறப்பதும் அவர்தான். நான் எலக்ட்ரீஷியன், குழுவுக்கு லைட் போடுவேன். இன்னும் நாலு பேர் உண்டு: வங்கியில் காசாளராக இருக்கும் கதாநாயகி, பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்லன், கீபோர்டுக்காரர், மேக்கப் அம்மா. அக்காவோடு சேர்த்து ஏழு.

வட்டாரக் கலை ஆதரவு மையம் என்று ஒன்று இருப்பதை அக்காதான் கண்டுபிடித்தாள். அச்சகத்துக்கு அவர்களுடைய அறிவிப்பு அச்சடிக்க வந்திருந்தது. பிழை பார்த்தவள் ஒரு பிரதியை மடித்து எடுத்து வந்துவிட்டாள். தேர்வாகும் மூன்று குழுக்களை ஐந்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். பயணம், தங்குமிடம், அரங்க வாடகை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"அஞ்சு ஊருடா தம்பி!" என்றாள் அக்கா. "இருபத்திரண்டு வருஷமா அதே முக்காலி, அதே ஓட்டைத் திரை. வேற ஊர் ஜனங்க எந்த இடத்துல சிரிக்கிறாங்கன்னு ஒரு தடவ கேக்கணும்டா."

அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தை மாமா சொல்லச் சொல்ல நான்தான் கணினியில் நிரப்பினேன். குழுவின் வரலாறு எழுதிய இடத்தில் மாமா அளந்த அளப்பில் எனக்கே புல்லரித்தது. கடைசிப் பக்கத்தில் வந்தது வினை. 'பயணம் செய்வோர், அதிகபட்சம் ஆறு பேர்.'

"உங்க அக்கா பேர விட்டுடு," என்றார் மாமா, கொட்டாவி விட்டபடி.

"மாமா..."

"பாரு, நடிகர் இல்லாம நாடகம் இல்ல. லைட் இல்லாம இருட்டு. அவளுக்கு அச்சகத்துல லீவு வேற குடுக்க மாட்டாங்க. எங்களுக்கு வசனமெல்லாம் தண்ணி பட்ட பாடு."

அப்போதே "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஐந்து ஊர் பார்க்க ஆசை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விண்ணப்பத்தைப் பிழை பார்க்க அக்காவிடம் கொடுத்தோம். கொடுத்தோம் பாருங்கள்! ஊரில் உள்ள காகிதத்தில் எல்லாம் பிழை கண்டுபிடிப்பவளிடம், அவள் பெயர் இல்லாத பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினோம். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டாள். கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது. பிறகு மூடியைப் போட்டு, காகிதங்களை அடுக்கி மேசையில் வைத்தாள்.

"பிழை ஒண்ணும் இல்லையே?" என்றார் மாமா.

"எழுத்துப் பிழை இல்ல," என்றாள். "ஆனா ஒண்ணு. இன்னையிலேர்ந்து உங்களுக்கு நான் ஒரு எழுத்துகூட எடுத்துக் குடுக்க மாட்டேன். மேடையிலயும் சரி, வீட்டுலயும் சரி."

வீட்டிலும் சரி என்றதன் கனம் மறுநாள் காலையில்தான் மாமாவுக்குப் புரிந்தது. மனிதர் ஒரு வாக்கியத்தைத் தானாக முடித்தே வருஷக் கணக்கு ஆகியிருந்தது. "அந்த... அது எங்க வச்சேன்?" என்பார். மூக்குக்கண்ணாடி என்று முன்பெல்லாம் அக்காவிடமிருந்து பதில் வரும். இப்போது அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் முன்னால் "உங்க மெஷின்ல இந்த... இது தேஞ்சிருக்கு" என்று விரலைச் சுழற்றிக்கொண்டே நின்றார். ஐந்து நாளில் முகம் வாடிவிட்டது. ஆனாலும் வீம்பு குறையவில்லை.

மையத்திலிருந்து கடிதம் வந்தது. பத்துக் குழுக்களை நேரில் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் கலைஞர்கள் ஒருவரோடு ஒருவர் பழக வேண்டும். மதியம் ஒவ்வொரு குழுத் தலைவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். காகிதம் எதையும் பார்த்துப் படிக்கக் கூடாது.

"நானும் வர்றேன்," என்றாள் அக்கா. "வேடிக்கை பாக்க."

பழகுவது என்றால் நம் விருப்பத்துக்கு இல்லை. ஒரு பெரிய கூடத்தில் பத்து மேசை போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும். உடனே எழுந்து அடுத்த மேசைக்குப் போய்ப் புது ஆளிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமா எல்லா மேசையிலும் குழு வரலாற்றையே பேசி, ஒரு இடத்திலும் இரண்டாம் வருஷத்தைத் தாண்டவில்லை. அக்கா வாயே திறக்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தாள். ஆனால் எதிரே ஒருவர் வார்த்தை கிடைக்காமல் திண்டாடினால் அவளால் சும்மா இருக்க முடியுமா? பொம்மலாட்டக்காரர் ஒருவர், பாவம், பொம்மை இல்லாமல் பேசத் தெரியாதவர். "எங்க கலை வந்து... குழந்தைங்க..." என்று இழுத்தார். "குழந்தைங்க பொம்மைய நம்புறாங்க, பெரியவங்க நூலத் தேடுறாங்க. அதான சொல்ல வர்றீங்க?" என்றாள். அவர் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைச் சுற்றி ஒரு கூட்டம். மதியப் பேச்சை அவளிடம் ஒப்பித்துப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். எல்லோரும் அவள் போன் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள். மாமாவிடம் கைகழுவும் இடம் எங்கே என்று ஒரே ஒருவர் கேட்டார்.

மதியம் அரங்கத்தில் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்த அம்மாள் முன்னால் ஒரு கடிகாரமும் எங்கள் விண்ணப்பங்களும். பொம்மலாட்டக்காரர் மேடையேறி, இரண்டாம் நிமிடத்தில் நின்றுவிட்டார். முதல் வரிசையில் என் பக்கத்து நாற்காலியிலிருந்து மெல்ல வந்தது: "பெரியவங்க நூலை..." அவர் பிடித்துக்கொண்டு ஜோராக முடித்தார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது.

"அக்கா! நம்ம வாயில நீயே மண்ணள்ளிப் போடுறியே!"

"பழக்கதோஷம்டா," என்றாள். ஆனால் அடுத்து வந்த நடனக் குழுப் பெண்ணுக்கும் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் முறை வந்தது. மாமா கம்பீரமாகத்தான் ஏறினார். முதல் பத்தி, என்ன குரல், என்ன ஏற்ற இறக்கம்! நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் "ஆகவே," என்று கையை உயர்த்தினார். கை உயர்ந்தபடியே நின்றது. "ஆகவே..." முகத்தில் ஈயாடவில்லை. கண் மட்டும் மெதுவாக எங்கள் வரிசைப் பக்கம் வந்தது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குடு," என்று முழங்கையால் இடித்தேன். "நம்ம குழு போயிடும்கா. உன் காலப் பிடிக்கிறேன்."

கடிகாரத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். பிறகு கொடுத்தாள். வழக்கமான இரண்டு வார்த்தையாக இல்லை, முழு வாக்கியமாகவே கொடுத்தாள்.

"எங்கள் குழு ஆறு பேர் அல்ல, ஏழு பேர்."

மாமாவுக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! அர்த்தம் யோசிக்க அவருக்கு ஏது நேரம்? நெஞ்சில் கை வைத்து, அரங்கம் அதிர, "எங்கள் குழு ஆறு பேர் அல்ல, ஏழு பேர்!" என்று முழங்கினார். முழங்கிய பிறகுதான் விழித்தார்.

நடுவர் அம்மாள் காகிதத்தைப் புரட்டினார். "இதுல ஆறு பேர்தானே இருக்கு?"

"விட்டது நான். தப்பு என்னுடையது," என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள் அக்கா.

"விட்டது நான்," என்றார் மாமா, குரல் கொஞ்சம் இறங்கி. "தப்பு என்னுடையது."

"சரி. அந்த ஏழாவது ஆளுக்கு என்ன வேலை?"

மாமா அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் நகம் உள்ளங்கையில் அழுந்தியிருந்தது. இதற்கு அவள் எடுத்துக் கொடுக்க மாட்டாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

பிறகு மாமா பேசினார். மேடைக் குரலில் இல்லை, வீட்டில் தண்ணீர் கேட்கும் குரலில்.

"இருபத்திரண்டு வருஷமா மேடையில தனியா நின்னு நடிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேங்க. இப்ப இந்த ஒரு நிமிஷமாத்தான் நெஜமாவே தனியா நிக்கிறேன்." எச்சிலை விழுங்கினார். "ரொம்பப் பயமா இருக்குங்க. அந்த ஆள் என் சம்சாரம். அவ பேர விட்டுட்டு உங்ககிட்ட உதவி கேட்டு வந்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓவரா நடிக்கிறாரு," என்றாள். அவர் நடிக்கவில்லை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நடுவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, விதியை மாற்ற முடியாது, ஆறு என்றால் ஆறுதான், சாயங்காலத்துக்குள் பட்டியலைத் திருத்திக் கொடுங்கள் என்றார். ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் லைட்காரன் தலைதான் முதலில் உருளும். மாமா கீழே இறங்கி வந்து என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன், வேறு என்ன செய்ய? பட்டியலில் முதலாவதாக இருந்த தன் பெயரை அடித்து, அதன்மேல் அக்காவின் பெயரை எழுதினார். அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அக்கா பேனாவைப் பிடுங்கித் திருத்தினாள்.

"நீங்க எப்படி வருவீங்க மாமா?"

"நான் பஸ்ஸுல வர்றேன்டா. உன் ரூமுல கொஞ்சம் தள்ளிப் படு."

மூன்று குழுக்களில் நாங்களும் ஒன்று, பொம்மலாட்டக்காரரும் ஒன்று. அவர் இன்றைக்கும் வாரம் இரண்டு முறை அக்காவுக்குப் போன் செய்கிறார்.

முதல் ஊரில் அரங்க வாசலில் ஒரு காவலாளி, கையில் மையம் அனுப்பிய பட்டியல். அக்கா கழுத்தில் அட்டையோடு முன்னால் போனாள். நாங்கள் ஐந்து பேர் பின்னால். உடைப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தவரைக் காவலாளி கை நீட்டித் தடுத்தார்.

"லிஸ்ட்ல ஆறு பேர்தான் சார். நீங்க யாரு?"

தலைவர், நாடக ஆசிரியர், கதாநாயகன்; எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து அக்காவைத் தேடினார்.

அக்கா திரும்பி வந்தாள்.

"விடுங்கண்ணே," என்றாள் காவலாளியிடம், வாசல் முழுக்கக் கேட்கும்படி. "அவரு என்கூட வந்திருக்காரு."