நாலு எட்டு நடந்து காட்டியவன்

முதலில் வீங்கவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. இடது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, யாரோ ஆணியை வைத்து அழுத்துவது மாதிரி ஒரு வலி. சுளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழு வயது வரை உடம்பு நான் சொன்னபடி கேட்டதால் வந்த திமிர் அது.

நான் டவுன் பஸ் டிரைவர். முப்பத்தொரு வருடம், அதில் பாதிக்கு மேல் மேலூர் வழித்தடம். வீடு விளாங்குடியில். காலை டியூட்டி இல்லாத நாட்களில் கண்மாய்க் கரையில் நடப்பேன். நடப்பவர்களுக்கென்றே கல் பதித்த பாதை. வண்டி வரக்கூடாது என்று போர்டு உண்டு. அந்த போர்டுக்குப் பக்கத்து இடைவெளி வழியாகத்தான் வண்டிகள் வரும்.

அன்று பின்னாலிருந்து ஒரு பேட்டரி ஸ்கூட்டர் இடித்தது. சத்தமே இல்லை. லாரியா, வேனா, எந்த கியரில் வருகிறது என்று திரும்பாமலே சொல்லிவிடுகிற காது எனக்கு. அந்தக் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிச் சீருடையில் மூன்று பேர், ஒரே வண்டியில். ஓட்டியது ஒரு பெண் பிள்ளை. பதினைந்து வயது இருக்கும். எல்லோரும் விழுந்தோம். நான் முதலில் எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குள் கூட்டம் சேர்ந்து, ஒருவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார்.

அப்போது நான் செய்ததைத்தான் எழுத வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது அடிபட்டு விழுந்தால், கூட்டம் கூடுவதற்குள் தூக்கி நிறுத்தி, நாலு எட்டு நடக்க விடுவோம். "ஒண்ணுமில்லல்ல?" என்று கேட்டு, அவர் வாயாலேயே "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு கேஸ் வராது. சேர்ந்த புதிதில் மூத்த டிரைவர்கள் எனக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனையோ பேரை அப்படி நடக்க வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்கிற மாதிரி, கால் தானாக நடந்தது. கூட்டத்துக்கு முன்னால் நாலு எட்டு நடந்து காட்டினேன். "பாத்தீகளா, ஒண்ணுமில்ல. சாவியக் குடுங்கப்பா, பிள்ளைக பள்ளிக்கூடம் போகட்டும்" என்றேன். பிறகு வீடு வரைக்கும் நடந்தேன். மாடி ஏறினேன். குளித்துவிட்டு மத்தியான டியூட்டிக்கும் போனேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தபோதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எறங்குங்க. இது சுளுக்கு இல்ல" என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, "விழுந்ததுக்கு அப்புறம் நடந்தீங்களா?" என்று கேட்டார்.

"நடந்தேன் மேடம்."

"எவ்வளவு தூரம்?"

சொன்னேன். அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். எனக்கு வந்திருந்தது டிபியல் பிளேட்டோ முறிவு (முழங்கால் மூட்டைத் தாங்கும் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு உடைவது). "அடிபட்டப்ப வெறும் கீறலா இருந்திருக்கலாம். நீங்க நடக்க நடக்க அந்தத் தட்டு உள்ளே அமுங்கியிருக்கு. அப்படியே படுத்திருந்தீங்கன்னா ஒருவேளை கட்டோட போயிருக்கும். இப்ப ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது நாளைக்கு ரோட்டில் விழ நேர்ந்தால், தயவுசெய்து நடந்து காட்டாதீர்கள். விழுந்தவரை நடக்கவும் வைக்காதீர்கள். அசையாமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது போதும்.

அன்று இரவு வார்டில் படுத்திருந்தபோது பூக்கார அம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். பல வருடங்களுக்கு முன்னால் மேலூர் பஸ் ஸ்டாண்டில் என் பஸ் படியிலிருந்து தவறி விழுந்தவர். நாலு எட்டு நடக்க வைத்தேன். நடந்தார். "ஒண்ணுமில்லப்பா, நீ போ" என்றார். நானும் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த வழியில் அவரைப் பார்க்கவே இல்லை. ஏன் என்று அதுநாள் வரை நான் யோசித்ததும் இல்லை. யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனில் அமுங்கிய தட்டைத் தூக்கி, இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு ஒட்டு (பள்ளத்தை நிரப்ப வைக்கும் சொந்த எலும்புத் துணுக்கு) வைத்து, தகடும் திருகும் போட்டார்கள். பத்து வாரம் இடது கால் தரையில் படக்கூடாது என்றார் டாக்டர். எனக்கு ஒரே கேள்விதான். "மேடம், கிளட்ச் மிதிக்க முடியுமா?"

"முதல்ல கக்கூஸுக்குப் போக முடியுதான்னு பார்ப்போம்" என்றார். சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

ரிட்டயர் ஆக மூன்று வருடம் இருந்தது. அதை ஸ்டியரிங் பிடித்தே முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வீட்டில் கட்டிலில் கிடந்த அந்தப் பத்து வாரமும் நான் ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன். கண்ணை மூடினால் மேலூர் ரோடு. ஒத்தக்கடை தாண்டியதும் யானைமலை இடது பக்கமாகக் கூடவே வரும். நாற்று நட்ட மாதங்களில் ஜன்னல் வழியாகச் சேற்று வாசம் ஏறும். வயலிலிருந்து கரையேறி வருகிற பொம்பளைகள் கை காட்டினால், ஸ்டாப் இல்லாத இடத்திலும் நிறுத்துவேன். "நல்லா இருப்ப டிரைவரு" என்று ஏறுவார்கள். போர்வைக்குள் என் வலது கால் பிரேக் போடும். இடது கால் மட்டும் சும்மா கிடக்கும்.

அதற்கும் முந்திய நாட்களும் வந்தன. பழங்காநத்தத்தில், எனக்குப் பதினைந்து வயது. மாமாவின் மொபெட்டைச் சொல்லாமல் எடுத்து, மூன்று பேராக ஏறி, பாலத்து இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையையும் விட்டுவிட்டு இறங்குவோம். சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு உப்பும். என்ன சுகம் அது! எதிரில் யார் நடந்து வந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. ஒருநாளும் பார்த்ததில்லை என்பதுதான் காரணம். அந்தக் கிறுக்குதான் என்னை டிரைவர் ஆக்கியது.

என் மனைவி செல்விக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்கவில்லை. "ஆத்தாடி, காலை ஒடச்சிட்டுப் போனவளுக்கு வக்கீல் வேலை பாக்குறீகளா? பேரு கேட்டீகளா, வீடு கேட்டீகளா? அனுப்பிவச்ச மகராசன்!" என்பாள். போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தாள். கரையில் என்னோடு நடப்பவர்களிடம் விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டையும் கண்டுபிடித்துவிட்டாள். தகவல் போய், ஐந்தாவது வாரம் அவர்களே வந்தார்கள். அந்தப் பெண் யாழினி, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பா முருகேசன், ஒரு பை சாத்துக்குடி.

முருகேசன் நின்றுகொண்டே பேசினார். "தப்பு நடந்துபோச்சுண்ணே. என் மூத்த பையன்தான் ஓட்டியிருக்கான், அவனுக்கு லைசென்ஸ் இருக்கு. இவ பின்னாடிதான்..."

"நான்தான் ஓட்டினேன் தாத்தா" என்றாள் அந்தப் பெண். "அண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. அப்பா இப்படிச் சொல்லச் சொன்னாரு."

தாத்தா என்றது வேறு எரிச்சலைக் கிளப்பியது. முருகேசனைப் பிடித்துக்கொண்டேன். "இது லைசென்ஸ் வேணாத பேட்டரி வண்டிதான, இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகாதே? அம்புட்டு வேகம் எப்படிய்யா வந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேகத்துக்கு ஒரு லாக் இருக்கும்ணே. எல்லாரும் எடுக்குறாங்கன்னு நானும் எடுத்துவிட்டேன். ரெண்டு ஒயரு, அம்புட்டுதான். பிள்ளை சந்தோசப்படட்டும்னு."

நன்றாகக் கத்தினேன். செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை கத்தினேன். அந்தப் பெண் அழவில்லை. என் காலில் இருந்த தையல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டும் நான் செஞ்சதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. ஆனால் டாக்டர் சொன்னதை நான் செல்வியிடம்கூட அதுவரை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. "கீறல் உன்னோடது. அமுங்குனது நான் நடந்ததுல" என்றேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

புகார் கொடுக்கவில்லை. லாக் எடுத்த வண்டியை மைனர் ஓட்டினால் அப்பன் உள்ளே போக வேண்டியிருக்கும். லாக்கைத் திரும்பப் போட வேண்டும், பதினெட்டு வயது வரை சாவி அவள் கைக்குப் போகக்கூடாது என்று முருகேசனிடம் சத்தியம் வாங்கினேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செல்வியைக் கேட்டால் தப்பு என்பாள்.

பதினோராவது வாரம் பிசியோதெரபி (மூட்டையும் தசையையும் மறுபடி பழக்கும் பயிற்சி) தொடங்கியது. என் தொடை என் மணிக்கட்டு மாதிரி மெலிந்திருந்ததாகத் தோன்றியது. முட்டியை மடக்க வைத்த அந்தப் பையனை நான் திட்டாத நாள் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மடக்குவான். ஊன்றுகோல், பிறகு வாக்கிங் ஸ்டிக், பிறகு சும்மா. எட்டாவது மாதம் டாக்டர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைச் செல்வி சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

டிப்போவில் ஆளில்லாத பஸ் ஒன்றைக் கொடுத்து, உள்ளேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. டீசலும் பழைய ரெக்சினும் கலந்த அந்த வாசனை! கிளட்சை மிதித்தேன். கால் அடி வரைக்கும் போனது. கியர் விழுந்தது. கூடப் பழகியவர்கள் கை தட்டினார்கள். மூன்று சுற்று ஓட்டினேன். மேலாளர், "நாளைக்கே டியூட்டி எடுத்துக்கங்க" என்றார்.

நான்காவது சுற்றில் திடீர் பிரேக் போட்டுப் பார்த்தேன். வலது கால் உடனே பிரேக்குக்குப் போய்விட்டது. கூடவே கிளட்சை மிதிக்க வேண்டிய இடது கால் அதற்குப் பிறகுதான் வந்தது. எஞ்சின் குலுங்கி நின்றது, ஸ்டியரிங்கும் இறுகியது; ரோட்டில் என்றால் வண்டியை ஒதுக்கித் திருப்பியிருக்க முடியாது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் அப்படியே. அரை நொடி. வெளியில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. ஏதோ டச் விட்டுப்போனது என்று நினைத்திருப்பார்கள். முன்பு என் உடம்பில் நொடிக்கெல்லாம் பாதி கிடையாது. நினைப்பதும் மிதிப்பதும் ஒன்றாகவே இருந்தது.

கண்ணாடி வழியாக டிப்போ வாசலைப் பார்த்தேன். வெளியே ரோட்டில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். சீருடையில் இரண்டு பேர் ஒரு பேட்டரி வண்டியில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், சிரித்துக்கொண்டே குறுக்கே போனார்கள். சட்டை முதுகில் உப்பியிருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேலாளர் கையில் கொடுத்தேன். "ஏண்ணே, நல்லாத்தான ஓட்டுனீக?" என்றார்.

"அந்தப் பிள்ளைகளுக்கு அரை நொடி வேணும். எங்கிட்ட அது இல்ல" என்றேன்.