அபிகாயில் அக்காவும் சேலத்து மரகதமும்

பாபினில் நூல் ஏறி முடிவதற்குள் அபிகாயில் அக்கா அரைப் பக்கம் படித்துவிடுவார். தையல் மெஷினுக்கு இடது பக்கம் நாவல் விரிந்து கிடக்கும். மூடிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் கத்தரிக்கோல். இரண்டு கையும் துணியில் இருப்பதால் முழங்கையால் ஒரு தள்ளு தள்ளித்தான் பக்கம் திருப்புவார். வாசலில் நின்று யாராவது "பிளவுஸ் அயிந்தா அக்கா?" என்று தெலுங்கில் கேட்டால், நிமிராமலே "ஒக்க பேஜீ உந்தி, கூச்சோம்மா" என்பார். ரவிக்கை ஆயிற்றா என்று கேட்டவர்களிடம் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, உட்காரம்மா என்று சொல்கிற தையல்காரி சித்தூரில் வேறு எவரும் இருக்க மாட்டார். கேட்டவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்தக் கடையில் ஊக்கு வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் என் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தை ஞாயிறு பள்ளியில் பைபிளை வைத்துக் கற்றுக்கொண்டேன். அக்கா முதன்முதலாக ஒரு நாவலைக் கொடுத்தபோது அதில் வசன எண்களைத் தேடினேன். எண் இல்லாததால் எங்கே நிறுத்தி மூச்சு விடுவதென்று தெரியவில்லை. இப்போது தேறிவிட்டேன். கதையில் மழை வந்தால் அது நிற்கும் வரை பக்கங்களைப் புரட்டுவேன். கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவேன். கதாநாயகி என்ன ஆவாளோ என்ற பயத்தோடு நானூறு பக்கம் அவள் பின்னால் நடக்க எனக்குத் தைரியம் போதாது. எப்படி இருந்தது என்று அக்கா கேட்டால் "நல்லா கீதுக்கா" என்பேன். பிடிக்காத நாவலுக்கும் அதே பதில்தான்.

அக்கா அப்படியில்லை. சித்தூர்க் கடைகளில் தமிழ் நாவல் கிடைக்காது என்பதால், வேலூரில் இருக்கும் அவருடைய தம்பி மகள் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டதை வாங்கி அனுப்புவாள். எது வந்தாலும் படிப்பார். படித்ததைப் பற்றி ரவிக்கை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மூன்று தலைமுறை ஜமீன் கதை ஒன்றைப் பற்றி அவர் அபிப்பிராயம்: "இத்தினி பேரு பொறக்கிறாங்க, கண்ணாலம் கட்டிக்கிறாங்க, சாவறாங்க. ஒருத்தருன்னா ஒருத்தர் துணி தொவைக்கல." துப்பறியும் நாவலில் கொலைகாரன் பிடிபட்டதும் நான் திருப்தியாகப் புத்தகத்தை மூடிவிட்டேன். அக்காவுக்குத் திருப்தியில்லை. "அவன் கெடக்கிறான். அந்தப் பொணத்த யாரு வந்து எடுத்துக்கினு போனாங்கன்னு ஒரு வரி எழுதக்கூடாதா? பாவம், மொத அத்தியாயத்துல வுயுந்தது அப்டியே கெடக்குது."

கதை மனிதர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ராமகுப்பத்திலிருந்து வந்தவர், தனியாக இருக்கிறவர் என்பது மட்டும்தான் தெரியும்.

மரகதம் இரண்டு மாதத்துக்கு முன் வந்தாள். சேலத்துப் பெண், ஒரு நாவலில். மார்பில் கட்டி, டாக்டரிடம் போகப் பயம், வீட்டில் சொல்லவும் பயம். அந்தப் பகுதியைப் படித்த புதன்கிழமை எங்கள் தமிழ்ச் சபையின் வீட்டு ஜெபக் கூட்டம். உபதேசியார் சாம்ராஜ் ஐயா வழக்கம்போல, "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்றார். மகளுக்கு வரன், மகனுக்கு விசா என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் முறை வந்தபோது, "சேலத்துல மரகதம்னு ஒருத்தங்க. மார்ல கட்டி. பயந்துக்கினு கீறாங்க" என்றார். வாய் தவறித்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தில் ஜெபம் கேட்டவரிடம் யார், என்ன உறவு என்று விசாரிக்கிற வழக்கமில்லை. சாம்ராஜ் ஐயா உடனே கண்ணை மூடி, மரகதத்துக்காக உருக்கமாக மன்றாடினார்.

அடுத்த வாரம் எல்லோரும் கேட்டார்கள். அக்கா படித்த வரைக்கும் சொன்னார். மரகதம் டாக்டரிடம் போனாள். அதற்கடுத்த வாரம் ஆப்பரேஷன் முடிந்தது. "ஸ்தோத்திரம்" என்று அறை முழுவதும் சத்தம். நான் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்திருந்தேன். அதில் மரகதம் செத்துவிடுகிறாள். முடிவு தெரிந்த ஒருத்திக்காக முட்டி போட்டு ஜெபித்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். இத்தனை பேர் கேட்டதற்கு ஏதாவது மாறியிருக்குமோ என்று மறுநாள் கடைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்துகூடப் பார்த்தேன். மாறவில்லை.

சிரிப்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் கமலம்மாவால் வேறு மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிற கமலம்மாவுக்கும் அதே இடத்தில் கட்டி. வேலூரில் ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். முடியவே முடியாது என்று இருந்தவர், மரகதத்தின் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்த வாரம் கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்தம்மாவே போய்ட்டு வந்துட்டாங்க. நானும் போறேன்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

கமலம்மா வேலூருக்குக் கிளம்ப வேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா நாவலை முடித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னாமே இந்தாளு இப்டி பண்ணிட்டாரு? நல்லாயி, மொட்ட மாடில வடாம் காய வெச்சிக்கினு இருந்தவள கொன்னுட்டாரே."

"நல்லா கீதுக்கா" என்றேன் பழக்க தோஷத்தில். அவர் பார்த்த பார்வையில் ஊசி என் விரலில் ஏறியது.

"கூட்டத்துல நல்லா கீறாங்கன்னே சொல்லிடுக்கா. கமலம்மா போய்ட்டு வர்ற வரைக்கும்."

"முட்டி போட்டுக்கினு பொய் சொல்லச் சொல்றியா?"

மறுநாள் கூட்டம் கமலம்மா வீட்டிலேயே நடந்தது. ஆஸ்பத்திரிக்கான பை கட்டில் பக்கத்தில் தயாராக இருந்தது. அக்கா பாயில் உட்கார்வதற்குள் கமலம்மா கேட்டார். "அபி, மரகதம் எப்டி கீறாங்க? நம்பர் இருந்தா குடு. அட்மிட் ஆவறதுக்கு முன்ன ஒரு வார்த்த பேசிக்கினா தெம்பா இருக்கும்."

"நம்பர் இல்ல கமலம்மா. அவங்களே இல்ல. நாவல்ல வர்றவங்க. நான் படிச்சதத்தான் இங்க வந்து சொல்லிக்கினு இருந்தேன். தப்புதான்."

சாம்ராஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இத்தினி நாளா யாருக்கும்மா ஜெபம் பண்ணோம்?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். நான்தான். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கமலம்மா சிரிக்கவில்லை. "கதையிலயாச்சும் பொழச்சாங்களா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினார்.

கமலம்மா காலால் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அப்போ நான் போவல. போனவங்க யாரு திரும்பி வந்து நல்லா இருக்கிறாங்க? யாரு பாத்தது?"

அக்கா எழுந்திருக்காமல், பாயின் மேல் முட்டியாலேயே நகர்ந்து கமலம்மாவின் முன்னால் போனார். அவருடைய வலது கையைப் பிடித்து, தன் முந்தானைக்குள் கொண்டுபோய், ரவிக்கையின் இடது பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"பஞ்சு" என்றார். "எடுத்து ஒம்போது வருசம் ஆச்சி."